நாற்பத்தொரு சிவப்பு

என் மகளை என்னிடமிருந்து பிரித்தது ஒரு மனிதனாக இருந்தால் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். பிரித்தது ஒரு பட்டை. கைக்கடிகாரம் அகலத்தில், சாம்பல் நிறத்தில், நடுவில் பொட்டு மாதிரி ஒரு விளக்கு. அரசாங்கக் காகிதத்தில் அதன் பெயர் உணர்நிலைப் பதிவுப் பட்டை. எங்கள் கோவில்பட்டியில் பாசமானி என்றால்தான் தெரியும். அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவர் வாயில் சர்க்கரையைப் போடக்கூடாது, மண்ணைத்தான் போட வேண்டும்.

நான் செண்பகவல்லி. நூற்பாலையில் பதினெட்டு வருஷம். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி ஆலைக்காரிகள் எல்லோருக்குமே குரல் ஏறிப்போயிருக்கும். நான் ரகசியம் சொன்னால் தெருமுனை பெட்டிக்கடை வரைக்கும் கேட்கும். என் வீட்டுக்காரராக இருந்த பொன்பாண்டி அதற்கு நேர்மாறு. வீட்டில் உட்கார்ந்தபடியே கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அடிதடி இல்லை, கள்ளத்தனம் இல்லை, ஒத்துவரவில்லை, பிரிந்தோம். அவரை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். அப்போது ஒன்பது வயதாக இருந்த ஆதிரை யாரிடம் இருப்பது என்பது ஒன்றுதான் வழக்கு.

முன்பெல்லாம் நீதிபதியே பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, யாரோடு இருக்க ஆசை என்று கேட்பாராம். அப்படிக் கேட்டால் பிள்ளை மனம் நோகும் என்று நிறுத்திவிட்டார்கள். இப்போது மணிக்கட்டில் பட்டையை மாட்டி, அப்பா வீட்டில் இரண்டு வாரம், அம்மா வீட்டில் இரண்டு வாரம் இருக்க விடுகிறார்கள். பிள்ளை வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

முடிவைப் படித்தார்கள். பொன்பாண்டி வீட்டில் இரண்டு சிவப்பு. என் வீட்டில் நாற்பத்தொன்று.

என் வக்கீல் ஜெபராணி என்னைவிடச் சின்னவள். நீதிமன்ற வராந்தாவில் என்னை உட்காரவைத்து விளக்கினாள்.

"நெஞ்சு எப்படித் துடிக்கு, தோல் எப்படி வேர்க்கு, குரல் எப்படி ஏறுது, இந்த மூணையும் அது பாத்துக்கிட்டே இருக்கும்க்கா. நிதானமா இருந்தா பச்சை. சட்டுனு ஏறி இறங்குச்சுன்னா சிவப்பு. பிள்ளை அந்த எடத்துல பாதுகாப்பா இல்லன்னு அர்த்தம்."

"சந்தோசத்துல ஏறுனா?"

"ஏறுனது அதுக்குத் தெரியும். எதுக்கு ஏறுச்சுன்னு தெரியாது."

"தெரியாத ஒண்ணு எப்படி தீர்ப்புச் சொல்லுது?"

"தீர்ப்பு நீதிபதிதான் சொல்லுதாங்க. அதைப் பாத்துட்டுச் சொல்லுதாங்க."

"எப்பவாவது அது பச்சைன்னு காட்டி இவங்க சிவப்புன்னு சொல்லிருக்காங்களா?"

ஜெபராணி கையிலிருந்த காகிதக்கட்டை என் மடியில் வைத்தாள். நாற்பத்தொரு சிவப்பும் நாள், மணி, நிமிஷம் போட்டு வரிசையாக இருந்தன. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

முதல் நாள் காலை ஏழு பத்து. ஆதிரைக்குச் சிக்கு எடுத்தேன். சுருட்டை முடி, என் முடி. அவள் தெருவே கேட்கக் கத்துவாள், நான் அதற்கு மேல் கத்துவேன், ஜடை போட்டு முடித்ததும் கண்ணாடியைப் பார்த்து இரண்டு பேரும் பழிப்புக் காட்டிச் சிரிப்போம். அந்தப் பத்து நிமிஷத்துக்கு மூன்று சிவப்பு. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பல்லி அவள் தோளில் விழுந்தது. அலறிக்கொண்டு ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சிவப்பு. பல்லிக்கும் நானா பொறுப்பு? ஆறாம் நாள் ஒரே மணி நேரத்தில் ஏழு. அன்றைக்குக் கண்ணாமூச்சி ஆடினோம். எட்டாம் நாள் ஆலையில் வேலை முடிந்து நான் வர ஒரு மணி நேரம் பிந்திவிட்டது. வாசலிலேயே நின்றவள் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இடுப்பில் முட்டி அழுதாள். அதுவும் சிவப்பு. அதற்குப் பக்கத்தில், "தாயைக் கண்டதும் கடும் பதற்றம்" என்று எழுதியிருந்தது.

இதை எழுதிய இயந்திரத்தை யாராவது ஒரு தாய் பெற்றிருந்தால் அதற்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் பிள்ளையைக் கொஞ்சுவது என்றால் திட்டுவதுதான். "ஏட்டி மூதி, இன்னும் சாப்பிடலையா?" என்று கேட்டால் கண்ணே மணியே என்று அர்த்தம். ஆதிரைக்கு அது பிறந்த நாளிலிருந்து தெரியும். நான் பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டால்தான் அவளுக்குப் பயம் வரும். பாசமானிக்கு இது தெரியவில்லை. "வசவுச் சொற்கள், நாளொன்றுக்குச் சராசரி இருபத்தாறு" என்று தனியாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தது.

நீதிமன்றத்தில் பொன்பாண்டியிடம் ஜெபராணி கேட்டாள், "பிள்ளையும் நீங்களும் வீட்டுல என்ன பேசிக்கிடுவீங்க?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஒண்ணும் பேச மாட்டோம். நான் என் ரூம்ல வேலை பாப்பேன். அவ அவ ரூம்ல இருப்பா. ஒரு தொந்தரவும் இல்ல."

பிள்ளை அவரிடம் போனது. சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் நான் பார்க்கலாம் என்று தீர்ப்பானது.

சந்திப்பு அறை நீதிமன்றத்தின் பின்பக்கம். நீலச் சோபா, பிளாஸ்டிக் பூச்செடி, மேலே கேமரா, மூலையில் குறிப்பெடுக்கும் ஒரு பெண் அதிகாரி. முதல் சனிக்கிழமை ஆதிரை கதவைத் திறந்ததும், இன்னும் கழற்றாத பட்டையில் விளக்கு சிவந்தது. இரண்டு மணி நேரம் முடிந்து நான் எழுந்ததும் மறுபடி சிவந்தது. வாரம் வாரம் இதே கதை. மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சந்திப்பு பிள்ளைக்கு உளைச்சல் தருவதால் இனிப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. அதன்பின் அவளுக்கு என்னைப் பார்க்கும் தேட்டம் இன்னும் கூடாதா? கூடியது. சிவப்பும் கூடியது. அடுத்த கடிதத்தில் மாதம் ஒரு முறை என்றார்கள். பட்டினி போட்டுவிட்டு, பிள்ளை சோற்றைக் கண்டால் பறக்கிறது, சோறு ஆகாது என்று சொல்கிற வைத்தியம் இது. நான் இதை அந்த அதிகாரியிடமே சொன்னேன். "சத்தமாப் பேசாதீங்கம்மா, பிள்ளைக்கு ஏறுது" என்றார்.

நான் மறுமனுப் போட்டேன். பிள்ளையைத் திரும்பக் கேட்க வேண்டும் என்றால் தொடர்ந்து ஆறு சந்திப்பு சிவப்பில்லாமல் இருக்க வேண்டுமாம்.

"ஒரே வழிதான் இருக்குக்கா" என்றாள் ஜெபராணி. "பயிற்சிக்குப் போங்க. எல்லாரும் போறாங்க."

மெயின் ரோட்டில் சேர்மக்கனி சார் வகுப்பு நடத்தினார். அதே மாடியில் முன்பு பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். பலகையை மட்டும் மாற்றியிருந்தார். 'பாசமானி பயிற்சி மையம், சென்ற ஆண்டு எண்பத்து மூன்று பெற்றோர் வெற்றி' என்று ஜெயித்தவர்களின் படத்தோடு போட்டிருந்தது. உள்ளே பிள்ளைகளின் பெஞ்சில் பன்னிரண்டு தாய் தகப்பன்மார் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, "சாப்பிட்டாயா" என்பதை மெதுவான குரலில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு லாரி டிரைவர், கட்டையான ஆள், சொல்ல வராமல் அழுதுவிட்டார்.

"இதுவும் பரிட்சைதாம்மா" என்றார் சேர்மக்கனி சார். "கேள்வித்தாள் எப்படி வரும்னு தெரிஞ்சுட்டா பதில் எழுதிரலாம். பிள்ளையைக் கண்டதும் எந்திரிக்கக் கூடாது. கட்டிப் பிடிக்கக் கூடாது. மெலிஞ்சிட்டியேன்னு கேக்கக் கூடாது. உங்க நெஞ்சு அடங்குனா பிள்ளை நெஞ்சும் தானா அடங்கும்."

நான் நான்கு நாள் போனேன். மூச்சை இழுத்தேன், விட்டேன், கையைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். ஐந்தாம் நாள் கடைசிப் பாடம் என்று கதவைச் சாத்தினார்.

"இதுதான் முக்கியமான ஸ்டெப். எதிர்ல வாரது உங்க பிள்ளை இல்லன்னு நெனச்சுக்கோங்க. அடுத்த வீட்டுப் பிள்ளை. கொஞ்ச நேரம் பாத்துக்கிடச் சொல்லி விட்டுட்டுப் போயிருக்காங்க. அன்பா பேசுவோம், ஆனா நெஞ்சு அடிக்காது. கண்ண மூடி அதையே மனசுல ஓட்டுங்க."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். அந்த லாரி டிரைவரும் மூடினார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

"சார், என் பிள்ளைய அடுத்த வீட்டுப் பிள்ளையா நெனைச்சாத்தான் அவ எனக்குக் கெடைப்பான்னா, அப்புறம் கெடச்சது யாரு?"

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. ஆறு சந்திப்பு மட்டும்தான."

"அந்த லைட்டு மாறுறதுக்காக நான் மாற மாட்டேன். போயிட்டு வாரேன்."

படி இறங்கும்போது எனக்கு அவ்வளவு பெருமை. ஊர் மொத்தமும் கண்ணை மூடினாலும் நான் மூடவில்லை என்று.

அந்தப் பெருமைதான் என்னைப் பேசவைத்தது. அடுத்த சந்திப்பில் ஆதிரையிடம் கதையை அப்படியே சொன்னேன். சார் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, அவர் மாதிரி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு நடித்தே காட்டினேன்.

"அடுத்த வீட்டுப் பிள்ளையாம்ட்டி நீ. எப்படி இருக்கு கதை?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பதினோரு வயது ஆகியிருந்தது, கன்னம் வற்றியிருந்தது.

"அப்படி நெனச்சா பச்சை விழுமாம்மா?"

"விழுமாம். யாருக்கு வேணும் அந்தப் பச்சை?"

அவள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது வழக்கம்போலச் சிவந்தது.

அதற்கடுத்த மாதம் கதவைத் திறந்து உள்ளே வந்தவள் ஓடிவரவில்லை. நடந்து வந்து சோபாவில் உட்கார்ந்தாள். நான்தான் எழுந்து கட்டிப்பிடித்து, "மூதி, எப்படிட்டி இருக்க" என்றேன். "நல்லா இருக்கேன்" என்றாள். பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொன்னாள். இரண்டு மணி நேரமும் விளக்கு பச்சையாகவே இருந்தது. குறிப்பெடுக்கிற அதிகாரி முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஆறு மாதம். ஆறு சந்திப்பு. ஒரு சிவப்புகூட இல்லை.

பிள்ளை பெரியவளாகிறாள், பக்குவம் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதைவிட முட்டாள்தனமாக இன்னொன்றும் நினைத்தேன். நான் என்னை மாற்றிக்கொள்ளவில்லை, அந்த இயந்திரத்துக்குக் கடைசியில் உண்மை தெரிந்துவிட்டது என்று. சேர்மக்கனி சாரைக் கடைத்தெருவில் பார்த்தபோது, "பாத்தீங்களா சார்" என்றுகூடக் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே அந்த இரண்டு வார்த்தையை நினைத்தால்தான் இப்போது நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. ஆதிரை என்னிடம் இருக்கலாம். ஆனால் ஒரு வருஷம் கண்காணிப்பு. பட்டையைக் கழற்றக்கூடாது. ஒரு மாதத்தில் பத்துச் சிவப்புக்கு மேல் போனால் பிள்ளை திரும்ப அப்பா வீட்டுக்கு. பொன்பாண்டி மறுப்புச் சொல்லவில்லை. அவளுடைய பையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். "பாத்துக்கிடுங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, எங்கள் இருவருக்கும் நடுவில் பார்த்துச் சொன்னார். ஆலையில் என் பகுதியில் இருந்த அத்தனை பேருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தாள். முன்பு ஒன்று வாசலிலும் ஒன்று கட்டிலுக்கு அடியிலும் கிடக்கும். அவளுக்குப் பிடிக்குமே என்று தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்து, இஞ்சித் துவையல் அரைத்திருந்தேன். சிந்தாமல் சாப்பிட்டாள். தட்டை அவளே கழுவினாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரி.

"வாட்டி, தலைய வாரிவிடுதேன். என்ன கோலத்துல வச்சிருக்க."

வந்து முன்னால் உட்கார்ந்தாள். சீப்பைப் போட்டேன். பின்கழுத்தில் பெரிய சிக்கு. எப்போதும் அந்த இடத்தில்தான் கூரை பிய்கிற மாதிரிக் கத்துவாள். நானும் கத்துவதற்குத் தயாராகத்தான் இருந்தேன். சீப்பு மாட்டி இழுத்தது. அவள் கழுத்து விறைத்தது. சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். மணிக்கட்டில் பச்சை.

"வலிக்கலையாட்டி?"

"பரவால்ல ஆன்ட்டி."

சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது. அவளும் கண்ணைத் திறந்தாள். சொல்லிவிட்டோமே என்று அவளுக்கே தெரிந்தது.

"யாருட்டி ஆன்ட்டி?"

அவளைத் திருப்பி உட்காரவைத்தேன்.

"சொல்லு."

"நீதான சொன்ன. அந்த சார் சொன்னாருன்னு." நிதானமாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். "உன்னால அப்படி நெனைக்க முடியாதுன்னு சொன்னேல்லா. அதான் நான் நெனச்சேன். பஸ்ல பக்கத்துல உக்காருவாங்கள்ல, எந்த ஊரும்மான்னு கேப்பாங்கள்ல, அந்த மாதிரி ஒரு ஆன்ட்டி. அப்பா வீட்டுல தெனமும் கண்ணாடி முன்னால நின்னு பழகுனேன். மொதல்ல கஷ்டமா இருந்துச்சு. அழுகை வரும். அப்புறம் வரல."

"ஏன் இப்படிச் செஞ்ச?"

"உன்கூட இருக்கணும்ல."

எனக்கு வாய் வரவில்லை. பதினெட்டு வருஷம் ஆலைச் சத்தத்துக்கு மேலே பேசிய வாய். நான் மாடிப்படி இறங்கி வந்து பெருமைப்பட்டுக்கொண்டேன். நான் செய்ய மறுத்ததை இந்தப் பிள்ளை எனக்காகச் செய்திருக்கிறது, கண்ணாடி முன்னால் நின்று, தனியாக. நான் என்னத்தைப் பெரிய ரோஷக்காரி.

"சரி. வீட்டுக்கு வந்தாச்சு. இனி நிறுத்திரு."

"ஒரு வருசம் ஆகணும்லா. பத்துக்கு மேல போச்சுன்னா திருப்பி அனுப்பிருவாங்க."

"ஒரு வருசம் கழிச்சு?"

அவள் மணிக்கட்டு விளக்கைப் பெருவிரலால் தடவினாள். "கழிச்சு நிறுத்திருவேன். ஆனா..."

"ஆனா என்ன?"

"இப்ப நான் நெனைக்காமலே அப்படித்தான் இருக்கு. காலையில உன்னப் பாத்தப்ப ஒண்ணும் ஆகல. திரும்ப வருமான்னு தெரியல ஆன்ட்டி."

இரண்டாம் முறை சொன்னதை அவள் கவனிக்கவே இல்லை.

எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். யோசித்தேன். யோசிக்கிற விஷயமா இது என்றுகூட யோசித்தேன். இவள் இப்படியே இருந்தால் ஒரு வருஷமும் என் வீட்டில் இருப்பாள், சட்டப்படி, பச்சையாக. வருஷம் முடியும்போது பட்டையைக் கழற்றுவார்கள். அதற்குள் உள்ளே என்ன மிச்சம் இருக்கும் என்று எந்தக் கருவி சொல்லும்? இல்லையென்றால் இன்றைக்கே என் பிள்ளையைத் திருப்பி எடுக்கலாம். எடுத்தால் மாசம் முடிவதற்குள் பறிகொடுக்க வேண்டும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் நஷ்டம் எனக்கும் அவளுக்கும்தான். சட்டம் போட்டவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

சொம்பை வைத்துவிட்டு வந்தேன். சீப்பை எடுத்தேன். ஆலையில் அடுத்த வரிசையைக் கூப்பிடும் குரலில், முழுத்தொண்டையில் கத்தினேன்.

"ஏட்டி மூதி, திரும்பி உக்காரு."

துள்ளிவிழுந்தாள். உடனே கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். நான் விடவில்லை.

"யாரக் கேட்டுட்டி கண்ண மூடுத? ஆன்ட்டியாம்லா ஆன்ட்டி. பத்து மாசம் சொமந்தவ ஆன்ட்டியா? பிரசவத்துக்குப் பதினெட்டு மணி நேரம் கத்துனேன், அதுல ஏறுன குரல்தான் இது. பல்லி விழுந்தப்ப எந்த ஆன்ட்டி கழுத்தக் கட்டுன? சொல்லுட்டி."

"கத்தாதீங்க, ஏறிரும்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "ஏறிரும், கத்தாதீங்க."

"ஏறட்டும். என்ன ங்கன்னு பேசுத? மரியாத யாருக்கு வேணும்? கழுத."

சிக்கில் சீப்பைப் போட்டேன். மெதுவாகத்தான் இழுத்தேன். ஆனால் இழுத்தேன். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் மூக்கால் ஒரு சத்தம். அப்புறம் வீடு அதிர ஒரு கத்தல்.

"எம்மா, வலிக்கி. விடும்மா. கிறுக்கி."

அவள் திரும்பி என் வயிற்றில் முட்டினாள். குத்தினாள். இரண்டு வருஷத்து அழுகையும் என் சேலையிலேயே வடிந்தது. மணிக்கட்டு விளக்கு சிவந்தது, அணைந்தது, மறுபடி சிவந்தது. நானும் அழுதேன். சீப்பு அவள் முடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

செல்போன் அடித்தது. கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண். மரியாதையான, அடங்கிய குரல்.

"அம்மா, உங்க பிள்ளை பட்டையில் தொடர்ந்து நான்கு சிவப்பு பதிவாகியிருக்கு. வீட்டில் என்ன நடக்குது?"

"தாயும் பிள்ளையும் சண்டை போடுதோம்."

"காரணம் குறிக்கணும்மா."

"என்ன அம்மான்னு கூப்புட்டுட்டா. அதக் குறிச்சுக்கிடுங்க."

மறுமுனையில் அந்தப் பெண் எதையோ தேடுகிற சத்தம் கேட்டது. "அப்படி ஒரு காரணம் பட்டியல்ல இல்லையேம்மா" என்றாள்.

"அப்ப கோர்ட்டுக்குக் கூப்பிடுங்க. வந்து சொல்லுதேன்."

போனை வைத்தேன். ஆதிரை மூக்கை என் முந்தானையில் துடைத்துவிட்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நாலு ஆயிட்டும்மா. இன்னும் ஆறுதான் இருக்கு."

"போன தடவ நாப்பத்தொண்ணு வாங்குன ஆளுட்டி நம்ம" என்றேன். "திரும்பி உக்காரு. பாதிதான் வாரிருக்கு."